மதிலுக்கு உள்ளே பெய்த மழை

கள்ளிக்கரைக் கோட்டைக்குள் மட்டும் மழை இறங்கிய அந்தச் சாயங்காலம் சிலம்பாயி செய்த முதல் காரியம், மதில்மேல் காயப்போட்டிருந்த மிதுக்கம்வற்றலைப் பாயோடு இழுத்து வெளி ஓரமாகத் தள்ளிவைத்ததுதான். மதில் ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகிற அகலம். அதன் உள்பாதி நனைந்துகொண்டிருந்தது, வெளிப்பாதியில் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, இரண்டுக்கும் நடுவில் கோலமாவால் இழுத்ததுபோல் ஒரு கோடு மதில் நெடுகச் சுற்றி ஓடியது. காவலுக்கு நின்ற அவள் புருஷன் வெட்டும்பெருமாளுக்கு ஒரு தோள் நனைந்தது, மறுதோள் வியர்த்தது. கோட்டையின் அளவுக்கு வெட்டி மேலே மூடிவைத்ததுபோல் நின்ற மேகத்தை அவன் அண்ணாந்து பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போடு, தெறிக்கும்" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. சுற்றிலும் பீரங்கி நிற்கும்போது மழை எங்கே பெய்கிறது எங்கே பெய்யவில்லை என்று வாய் பிளந்துகொண்டிருக்க யாருக்கு நேரம்?

பீரங்கி வந்து நின்ற காரணம் அந்த மதில்தான். தெற்குச் சீமையில் மதில் என்று எது நின்றாலும் அதை அந்தந்தப் பாளையக்காரரே இடித்துத் தரைமட்டமாக்கிவிட வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை ஓர் உத்தரவு போட்டிருந்தார். மற்ற பாளையக்காரர்கள் முனகிக்கொண்டே இடித்தார்கள். கள்ளிக்கரைப் பாளையக்காரர் மட்டும், "மதிலை இடிச்சுட்டா இதுக்குப் பேரு கோட்டையா, ஆட்டுக்கிடையா?" என்று கேட்டு உத்தரவு கொண்டுவந்தவனுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மோரைக் குடித்தவன் போனான், துரை வந்தார். கோட்டையைச் சுற்றியிருந்த கள்ளிவேலிக்கு அப்பால், வெடித்துப் பிளந்துகிடந்த கரிசல் காட்டில் கூடாரம் அடித்து, பீரங்கியை நிறுத்தி, மதில் விழும்வரை நகர்வதில்லை என்று உட்கார்ந்துகொண்டார்.

மழை பொய்த்துப்போன காலம் அது. குளம் வறண்டு மீன்முள் வெளியே தெரிந்தது. வெளியே இருந்த பட்டாளத்துக்குத் தூரத்து ஆற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் வந்தது, வருகிற வழியில் பாதி சிந்தியது, பாதியை மாடுகள் குடித்தன. உள்ளே ஒரே கிணறு, அதுவும் சேற்றைக் கக்க ஆரம்பித்திருந்தது. பட்டாளத்தைத் தாங்கிக்கொள்ளலாம், தாகத்தைத் தாங்க முடியாது என்று ஊர் கூடிப் பேசி, கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவு செய்தது.

கொடும்பாவி என்றால் வைக்கோலால் கட்டிய ஆள். எந்த மகாபாவியின் பாவத்தால் வானம் வாய்மூடிக் கிடக்கிறதோ அவன் செத்ததாகப் பாவித்து, அவன் உருவத்தைக் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் தலைவிரித்து மாரடித்து நிஜப் பிணத்துக்கு அழுவதுபோல் அழுது, ஊர் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொள்ளி வைத்துவிட்டு வருவார்கள். வானத்துக்கு மனசு இளகும். காலங்காலமாக இப்படித்தான் இளகிவந்தது.

இந்தத் தடவை இரண்டு இடைஞ்சல். கதவைத் திறந்து எல்லைக்குப் போக முடியாது. உள்ளேயே கொளுத்தலாம் என்றால், வெடிமருந்து அறை பக்கத்தில் இருப்பதால் கோட்டைக்குள் அடுப்பைத் தவிர வேறு நெருப்பு கூடாது என்று கட்டளை. ஊர் பாளையக்காரரைப் பார்த்தது, பாளையக்காரர் சிலம்பாயியைப் பார்த்தார். கள்ளிக்கரையில் எந்தச் சாவானாலும் ஒப்பாரியை முதலில் எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான், சாவு சங்கதிகளில் அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

"எல்லைன்னு நாம நெனைச்சதுதான் எல்லை" என்றாள் சிலம்பாயி. "மதிலை ஒட்டியே உள்ளாற ஒரு சுத்து இழுத்துட்டு, வடக்கு மூலையில போட்டு வைப்போம். கொள்ளியை அப்புறம் பாத்துக்கிடலாம். வானம் என்ன வழக்கா பேசப்போவுது?"

மூன்றாவது இடைஞ்சல் அழும்போது வந்தது. முறை சொல்லாமல் ஒப்பாரி வராது. அப்பனே என்றோ அண்ணனே என்றோ கூப்பிட்டால்தான் தொண்டையில் அழுகை ஏறும். ஆனால் மகாபாவியைத் தன் உறவென்று கூப்பிட எவளுக்கு மனசு வரும்? பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து நின்றார்கள்.

"என் தம்பின்னு வச்சுக்கிடுதேன்" என்றாள் சிலம்பாயி.

அவளுக்கு ஒரே தம்பி, கொம்பையா. அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. மீசை கருத்ததும், கரிசலைக் கிண்டிக் கிண்டிப் பசியோடு படுக்க முடியாது என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்த் துரையின் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். இப்போது அதே பட்டாளத்தோடு வந்து, தான் நடை பழகிய கோட்டைக்கு எதிரே துப்பாக்கியோடு நிற்கிறான். மதில்மேல் போகும்போதெல்லாம் சிலம்பாயி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். பார்க்காமல் நடக்கிறவளுக்குத்தான் எந்தக் கூடாரம் அவனுடையது என்று தெரிந்திருந்தது.

வீட்டுப் பெட்டியிலிருந்து அவன் விட்டுப்போன பழைய வேட்டியை எடுத்துவந்து கொடும்பாவிக்குக் கட்டினாள். வெட்டும்பெருமாள் குறுக்கே வந்தான். "உசுரோட இருக்கவனுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது, புள்ள."

"எனக்கு அவன் உசுரோட இல்ல" என்று சொல்லிவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள்.

சீமைத் தொப்பி ஒனக்குச்
சிங்காரம் ஆச்சுதுன்னு
ஊரை விட்டுப் போனியே – எந்தம்பி
உசுரை விட்டு வந்தியே

அன்றைக்கு அவள் அழுத அழுகையில், கயிறு இழுத்த ஆண்பிள்ளைகளே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மதிலை ஒட்டி ஒரு சுற்று இழுத்தார்கள், வடக்கு மூலையில் போட்டார்கள், கால் கழுவத் தண்ணீர் இல்லையே என்று நின்றபோது தண்ணீர் மேலிருந்து வந்தது. வானத்துக்கு எல்லை காட்டியவள் சிலம்பாயி, காட்டிய எல்லைக்குள் வானம் பெய்தது. அதில் வானத்தின் குற்றம் ஒன்றும் இல்லை.

முதலில் கொண்டாட்டம்தான். இருக்கிற அண்டா, குண்டான், பழைய கேடயம் எல்லாவற்றையும் நிரப்பினார்கள், குழந்தைகள் இரண்டு வருஷத்து அழுக்கையும் தேய்த்துக் குளித்தன. மழை விடாமல் பெய்தது, மறுநாளும் பெய்தது, அதற்கடுத்த நாளும் பெய்தது, ஊர் அதற்கேற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டது. தவளைகள் வந்தன, மதில் ஏறியா பறந்தா என்று யாரும் விசாரிக்கவில்லை. பீரங்கி உருட்டுகிற பாதையில் சாமை விதைத்தார்கள், முளைத்தபிறகு பீரங்கியை அந்தப் பக்கம் உருட்டக் கூடாதென்று தகராறு வந்து, பாளையக்காரர் சாமையின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வடக்கு மூலையில் கிடந்த கொடும்பாவியின் நெஞ்சில்கூட, வைக்கோலில் ஒட்டிக்கிடந்த நெல் பச்சை பச்சையாக முளைவிட்டது.

துவைத்த துணி காய்வதுதான் பெரும்பாடாக இருந்தது, அதற்கும் வழி கண்டார்கள். மதிலின் வெளிப்பக்கத்தில் தொங்கவிட்டால் போட்ட கையை எடுப்பதற்குள் துணி காய்ந்துவிட்டது. ஆனாலும் போட்ட உடனே எடுத்தால் அது துணி காயப்போட்டதாகுமா? பழக்கத்துக்காகப் பெண்கள் அரைப்பொழுது விட்டுவைத்தார்கள். இரண்டு வெள்ளை வேட்டிக்கு நடுவே ஒரு சிவப்புச் சேலை தொங்குவதைத் துரை தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது யாருக்குக் காட்டும் சைகை, என்ன அர்த்தம் என்று தமிழை மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷியைக் கேட்டார். "வெளுப்பு, துரை" என்றான் துபாஷி. துரை நம்பவில்லை. சுடச் சொன்னார். சிப்பாய்களும் சுட்டார்கள். ஆனால் எல்லாருமே அக்கம்பக்கத்து ஊர் ஆட்கள், எவனாவது பொம்பளை சேலையில் குறிவைப்பானா? குண்டுகள் காக்கையை விரட்டிவிட்டு எங்கேயோ போய் விழுந்தன.

போகப் போகக் கொண்டாட்டம் குறைந்தது. அடுப்பு எரியவில்லை, வெடிமருந்து களியாகிவிட்டது, படுத்த பாயில் காளான் பூத்தது. பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்று சொல்வது சும்மா இல்லை. ஒருநாள் வெட்டும்பெருமாள் வேல்கம்பை உள்மதிலில் சாய்த்து வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது கம்பைக் காணோம். தேடிப் பார்த்தால் அது சுவருக்குள் இருந்தது. கையை விட்டு எடுத்தான். முழங்கைவரை சேறு.

அன்றைக்குத்தான் ஊருக்கு உறைத்தது. மதில் உள்ளேயிருந்து கரைந்துகொண்டிருந்தது. வெளிமுகம் வெயிலில் வெந்து கல்லாய் நின்றதால் துரையின் கண்ணுக்கு அது பழைய மதில்தான். உள்ளே வண்டி அகலம் கட்டில் அகலமாகி, கட்டில் அகலம் முறத்தின் அகலமாகிக்கொண்டிருந்தது. எப்போதோ வெளியிலிருந்து சுட்டு மதிலுக்குள் சிக்கிக்கொண்ட பீரங்கிக்குண்டுகள் சேற்றோடு உள்ளே வழுக்கி விழுந்தன, பெண்கள் அவற்றைக் கழுவி ஊறுகாய்ச் சாடிக்குப் பாரம் வைத்தார்கள்.

"சாமி, மதில் வெளிய மதிலா இருக்கு, உள்ள களியா இருக்கு" என்று வெட்டும்பெருமாள் போய்ச் சொன்னான்.

பாளையக்காரர் ஒழுகுகிற கூரைக்கு அடியில் அண்டாவை நகர்த்தி வைத்தார். "வெளிய அவனுகளுக்குத் தண்ணி வண்டி வாரதும் குறைஞ்சிருக்கு. மதில் விழுறதுக்கு முன்னால அவனுக விழுந்திருவானுக. யாரும் வாயத் திறக்காதீக" என்றார். தாகமா மதிலா, எது முந்தும் என்று கோட்டை முழுவதும் காத்திருக்க ஆரம்பித்தது.

சிலம்பாயி மறுநாள் துணி எடுக்க மதில்மேல் போனாள். இப்போது மேலே நடப்பதே வரப்பில் நடப்பதுபோல் இருந்தது. சேலையைச் சுருட்டும்போது கீழே இருந்து குரல் வந்தது.

"யக்கா."

அவள் குனியவில்லை.

"யக்கா, நாந்தான். ஒரு செம்பு தண்ணி."

தம்பியா எதிரியா என்பது வேறு கணக்கு. தண்ணீர் என்று கேட்டவனுக்கு இல்லையென்று சொல்ல அந்தப் பக்கத்தில் எவருக்கும் நாக்கு எழாது. அவள் எட்டிப் பார்த்தாள். கொம்பையா மதிலடியில் கள்ளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிவப்புச் சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது, உதடு கரிசல்மண்ணைப்போல் வெடித்திருந்தது. வைது தீர்க்க என்று இத்தனை நாள் சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது கைக்கு அகப்படவில்லை.

செம்பைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மழைக்கோட்டைத் தாண்டியதும் செம்பில் சுர்ரென்று ஒரு சத்தம், அவன் கையில் போய்ச் சேர்ந்தது வெறுஞ்செம்பு. குடத்தில் இறக்கினாள், குடமும் காய்ந்து போய்ச் சேர்ந்தது. கடைசியாகத் தலையை மழையில் நன்றாக நனைத்து, முடியைப் பிழிந்தாவது அவன் வாயில் விடலாம் என்று கூந்தலை வெளியே தொங்கவிட்டாள். கூந்தல் சாம்பிராணி போட்டு ஆற்றியதுபோல் உலர்ந்து காற்றில் பறந்தது.

கொம்பையா அண்ணாந்து பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். உதடு பிளந்து ரத்தம் வந்தது. "இன்னும் கோவம் ஆறலையாக்கா ஒனக்கு?"

"ஏலே, ஒனக்கு ஒப்பாரி வச்சுட்டேன்லே" என்றாள் அவள். "கொடும்பாவிக்கு ஒம்பேரைச் சொல்லி அழுதுட்டேன். ஒன் வேட்டியத்தான் கட்டியிருக்கு."

"அதான் அன்னைக்குக் காதை அடைச்சுதா? யாரோ கூப்பிடுத மாதிரியே இருந்துச்சு." அவன் கள்ளியை விட்டுவிட்டு மதிலில் சாய்ந்துகொண்டான். "சரி விடு. நல்லாத்தான் அழுதிருப்பே."

அதற்குமேல் பேச வாய்க்கவில்லை. மதிலருகே போய்ப் பேசுகிறவனைச் சுட்டுப்போடுவது என்று துரை உத்தரவிட்டிருந்தார். உத்தரவு போடுவதில் துரைக்குச் சலிப்பே கிடையாது. நாலு பேர் ஓடிவந்து கொம்பையாவை இழுத்துக்கொண்டு போனதை, கையில் வெறுங்கயிற்றோடு சிலம்பாயி பார்த்துக்கொண்டு நின்றாள். அவனைப் பீரங்கிவண்டியின் சக்கரத்தில் கட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் பட்டாளம் முழுவதும் கூடி நிற்கையில் சுடுவது என்று தமுக்கடித்ததைக் கோட்டைக்குள்ளும் எல்லாரும் கேட்டார்கள்.

விடிந்ததும் அவள் நேரே பாளையக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"கொடும்பாவி வெளிய போவணும், சாமி. எல்லையைத் தாண்டணும். கொள்ளி வைக்கணும். செய்யாத குறை அதுதான்."

"வெளிய மழை பேஞ்சா பட்டாளம் நிக்கும், சிலம்பாயி."

"இதை முடிக்கலேன்னா உள்ள மழை விடாது, மதில் நிக்காது, சாமி."

பாளையக்காரர் மீசையை நீவினார். மதிலை இடிக்க மாட்டேன் என்று சொன்ன மனிதர் அவர், சொன்ன சொல்லுக்காக வீட்டுக்கூரை ஒழுகுவதையும் சகித்துக்கொண்டிருந்தார். "கதவைத் தொறந்தா உள்ள வந்துருவானுகளே?"

"பாடைக்குத் தொறக்காத கதவு எங்கயும் இல்ல. பாடையைச் சுடுத பட்டாளமும் எங்கயும் இல்ல. எந்தம்பிய இன்னைக்குச் சுடப்போறாக சாமி. அவனுக்கு நான் வச்ச ஒப்பாரியை நானே போய் முடிச்சுட்டு வாரேன்." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் ஓடியது, மழையில் அது தெரியவில்லை.

பாளையக்காரர் எழுந்து போய்த் தானே தாழ்ப்பாளில் கைவைத்தார்.

முளைவிட்ட கொடும்பாவியைப் பச்சை ஓலைப் பாடையில் கிடத்தி, மேலே துணி போர்த்தி, கயிறு கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். முன்னால் சங்கு, பின்னால் தலைவிரித்த பெண்கள். மழைக்கோட்டைத் தாண்டிய இடத்தில் ஒவ்வொருத்தியாகச் சுர்ரென்று காய்ந்தாள். சேலை காய்ந்தது, கூந்தல் காய்ந்தது, பாடையில் முளைத்திருந்த நெல் சருகானது. துப்பாக்கியைத் தூக்கிய சிப்பாய்கள் சங்குச்சத்தம் கேட்டதும் கீழே இறக்கினார்கள். தலைப்பாகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. துரைகூட, அவர் ஊரிலும் பிணம் போனால் அப்படித்தான்போல, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யார் செத்தது?" என்று துபாஷியிடம் கேட்டார்.

துபாஷி கேட்கத் தேவையே இருக்கவில்லை. சிலம்பாயி நெஞ்சில் அறைந்துகொண்டு எடுத்துக்கொடுத்தாள். "எந்தம்பி கொம்பையா, கொடி சாஞ்சு போனியே." அவளோடு அத்தனை பெண்களும் சேர்ந்து அழுததில் கொம்பையா என்ற பெயர் கரிசல் முழுவதும் கேட்டது.

துரை புருவத்தைச் சுருக்கினார். சாயங்காலம் சுட வேண்டியவன் பெயரும் அதுதானே என்று பக்கத்தில் நின்ற அவில்தார் மைதீன் பிச்சையைக் கேட்டார்.

மைதீன் பிச்சை மேலப்பாளையத்துக்காரர். அதிகம் பேசாதவர். தாகத்தால் செத்த தன் ஆட்களை அந்த வாரம் முழுவதும் அடக்கம் செய்து அடக்கம் செய்து அவர் கை காய்த்திருந்தது. பாடையைப் பார்த்தார், சக்கரத்தில் கட்டியிருந்தவனைப் பார்த்தார். நடுவில் பீரங்கிவண்டி மறைத்ததால் துரைக்குப் பாடை மட்டும்தான் தெரிந்தது.

"அவனேதான் துரை. செத்துட்டான். அந்தா போவுது."

துரை தலையை ஆட்டினார். ஒரு தோட்டா மிச்சம் என்பதோடு அவர் அந்த விஷயத்தை முடித்துக்கொண்டார். மைதீன் பிச்சை வண்டிக்குப் பின்னால் போய்க் கட்டை அவிழ்த்து, சிவப்புச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"எந்திரி. நீ செத்தாச்சு. மவுத்தானவனைக் கட்டி வைக்கிறது பாவம்" என்றார். கொம்பையா விழித்தான். "என்னலே முழிக்கே? கொள்ளி வைக்க உடன்பிறந்தான் வேணும்லா? ஓடு."

எல்லைக்கல் பட்டாளத்துக்கும் பின்னால், வறண்ட ஓடைக்கரையில் இருந்தது. அதுவரை கயிற்றில் ஒரு கை, இரு கையென்று சிப்பாய்களின் கைகளும் சேர்ந்துகொண்டன. அவர்களுக்கும் கொடும்பாவி இழுக்கத் தெரியும், அவர்கள் ஊரிலும் மழை இல்லை. கல்லைத் தாண்டிக் கிடத்தியபோது கொம்பையா வந்து சேர்ந்தான். போர்வையை விலக்கிப் பார்த்தான்.

"என் வேட்டில்லா இது."

"ஆமா" என்றாள் சிலம்பாயி.

பெண்கள் அவள் எடுத்துக்கொடுக்கக் காத்திருந்தார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. வளர்த்த பிள்ளை எதிரே விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான், அவனைச் செத்தான் என்று எப்படி அழுவது? கோபத்தில் அன்றைக்கு வந்த அழுகை பாசத்தில் இன்றைக்கு வர மறுத்தது.

"அழு, யக்கா" என்றான் அவன், மெதுவாக.

"எப்படிலே அழ? நீதான் முன்னால நிக்கியே."

"இனிமே நான் அவன் இல்லல்லா. கொள்ளி வச்சபிறகு கொம்பையான்னு யாரு கூப்பிட்டாலும் துரை தேடி வந்துருவாரு. நீயும் கூப்பிடக் கூடாது. தம்பின்னும் சொல்லக் கூடாது." அவன் தலையைத் தொங்கப்போட்டான். "அதனால இப்பமே ஒரேடியா அழுதுரு."

அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. தம்பியைக் காப்பாற்ற வந்தவள் தம்பியைக் கொளுத்திவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பாட்டு இல்லை, முறை இல்லை, எடுப்பு இல்லை, வாயைத் திறந்து கன்றை இழந்த மாடு கத்துவதுபோல் கத்தினாள். ஊரில் எத்தனையோ சாவுக்கு அழுதிருந்த பெண்கள் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். கொம்பையா தன் பழைய வேட்டியில் நெருப்பை வைத்தான். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடைவழியே தெற்கே நடந்தான், அவன் முதுகு மறையும் முன்பே முதல் துளி எல்லைக்கல்லில் விழுந்தது.

பிறகு எங்கும் பெய்தது. கள்ளியில், கூடாரத்தில், பீரங்கியில், துரையின் தொப்பியில் பெய்தது. சிப்பாய்கள் வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தார்கள். உள்முகம் கரைந்து அப்பளமாய் நின்ற மதிலின் வெளிமுகத்திலும் பெய்தது. அப்பளத்தை இருபுறமும் நனைத்தால் என்ன ஆகும்? சத்தமே இல்லாமல், களைத்த எருமை சேற்றில் படுப்பதுபோல் மதில் மெதுவாக உட்கார்ந்தது. உள்ளே குடத்தோடு நின்றவர்களும் வெளியே வாய்பிளந்து கிடந்தவர்களும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். சுட வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருந்தாலும் இரண்டு பக்கமும் மருந்து நனைந்திருந்தது.

பாளையக்காரர் முழங்கால் சேற்றில் நடந்து துரையிடம் வந்தார். "இடிக்கச் சொன்னீகள்லா, பாத்துக்கோங்க" என்றார். துரை மதில் இருந்த இடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். தான் முற்றுகையிட்ட சாமான் அங்கே இல்லை. கொஞ்சநாள் ஈரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வண்டிச்சக்கரம் புதைவதற்குள் பட்டாளத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மதில் மண்ணை ஊர் பங்கு போட்டு வயலுக்கு அடித்தது. அந்த வருஷம் சாமை நன்றாக விளைந்தது.

சிலம்பாயி பதினாறாம் நாள் காரியம் செய்தாள். எல்லாம் முறைப்படி செய்தாள், ஊரும் முறைப்படி துக்கம் கேட்டது. அதற்குப் பிறகு சின்னப்பையன்களைக்கூட அவள் தம்பி என்று அழைப்பதில்லை. "ஏய்" என்பாள், "இந்தாப்பா" என்பாள்.

அறுப்பு முடிந்த சமயம், நடுமத்தியானத்தில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். மொட்டைத்தலை, தாடி, தோளில் ஒரு மூட்டை.

"தாயி, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

அவளுக்கு அந்தக் குரல் தெரிந்தது. உள்ளே போனாள். பிறகு செம்பு நிறையத் தண்ணீரை மொண்டு, நிலைப்படிக்கு வெளியே கையை நீட்டும்போது செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் செம்பிலேயே இருந்தது. அவன் அண்ணாந்து மடமடவென்று குடித்தான், தொண்டைமுடிச்சு ஏறி இறங்குவதை அவள் நின்று பார்த்தாள்.

"எந்த ஊரு?"

"ஊர்னு ஒண்ணும் இல்ல, தாயி."

"உழவுக்கு ஆள் வேணும்னாரு வீட்டுக்காரர். தொழுவத்துல படுத்துக்கிடலாம்."

வெட்டும்பெருமாள் வந்து பார்த்தான். ஆளை மேலும் கீழும் அளந்துவிட்டு, "ஏர் பிடிக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். ஊரும் வந்து பார்த்தது. மழைக்கு வாய் பிளக்காத ஊர் இதற்கா பிளக்கப்போகிறது? புது ஆளுக்கு மொட்டையன் என்று பேர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வருஷம் திரும்பியதும் சிலம்பாயி தம்பிக்குத் திதி கொடுத்தாள். செத்தவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, அதை வெளியாள் ஒருவனுக்கு முதல் இலையில் பரிமாற வேண்டும், அதுதான் முறை. மிதுக்கம்வற்றல் குழம்பு வைத்திருந்தாள். முதல் இலையில் மொட்டையன் உட்கார்ந்தான். தலை நிமிராமல் வழித்து வழித்துச் சாப்பிட்டான், அவள் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள்.

"ஒங்க தம்பி நல்லாச் சாப்பிடுவாரா, தாயி?" என்று இலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"நல்லாச் சாப்பிடுவான். ரெண்டாந்தரம் கேட்கத்தான் கூச்சப்படுவான்" என்றாள் சிலம்பாயி. அவன் கேட்பதற்குள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.